இடையன்குடி வீடும் நாம் இழந்த வீடுகளும்

உவரி புனித அந்தோணியார் திருத்தலத்திற்கு முத்துக்குளித்துறை ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் பெருந்திரளாக நாம் செல்கிறோம். அங்கிருந்து சிறிது தொலைவில், செந்நிறத் தேரிமணலும் பனைமரக் கூட்டமும் சூழ இடையன்குடி என்னும் சிற்றூர் இருக்கிறது. பேராயர் ராபர்ட் கால்டுவெல் வாழ்ந்த வீடு அவ்வூரில் இன்றும் நிற்கிறது. தமிழக அரசு அதனை 2011ஆம் ஆண்டில் நினைவு இல்லமாகத் திறந்து வைத்தது. எட்டயபுரத்தில் பாரதியாருக்கும் ஒட்டப்பிடாரத்தில் வ.உ. சிதம்பரனாருக்கும் நினைவு இல்லங்கள் பேணும் அரசு, அயல்நாட்டிலிருந்து வந்த மறைப்பணியாளர் ஒருவரின் வீட்டையும் அதே வரிசையில் வைத்தது சிறிய செய்தியன்று. எனினும் உவரிக்குச் செல்லும் நம்மவருள் அவ்வீட்டுப் பக்கம் திரும்புவோர் மிகச் சிலரே. ‘அது பிரிந்த சகோதரர்களின் இடம்’ என்ற பழைய மனத்தடை ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறிஸ்தவ ஒன்றிப்பைக் குறித்த தன் ஏட்டை வெளியிட்டு ஏறக்குறைய இரண்டு தலைமுறைகள் கடந்துவிட்டன. அந்த வீட்டைச் சற்று நின்று பார்க்க இனியேனும் நமக்குத் தயக்கம் வேண்டாம். அது நம்மிடம் கேட்கும் கேள்வியும் ஒன்று உண்டு. அக்கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

1814இல் அயர்லாந்தில் ஸ்காத்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த கால்டுவெல், 1838இல் சென்னையில் வந்திறங்கினார். 1841இல் நீலகிரி வழியாக, பெரும்பாலும் கால்நடையாகவே பயணம் செய்து திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடிக்கு வந்தவர், 1883இல் தூத்துக்குடிக்குக் குடிபெயரும் வரையில் அவ்வூரையே தம் இருப்பிடமாகக் கொண்டார். பனையேறிப் பிழைத்த எளிய மக்களின் ஊர் அது. அங்கே தெருக்களை நேராக அமைத்தார், பள்ளிகளைத் திறந்தார், 1847இல் தூய திரித்துவ ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். அந்த ஆலயம் நிறைவுற்று அர்ச்சிக்கப்பட்ட ஆண்டு 1880. இடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள்! கோவில் வேலை மூன்றாண்டு நீண்டாலே பங்குப்பேரவையில் கணக்குக் கேட்கும் நம் காலத்திற்கு அந்தப் பொறுமை விளங்குவது கடினம். 1891 ஆகஸ்டு 28இல் கொடைக்கானலில் உயிர்நீத்த அவரது உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து, அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர்.

அரசு அவரைப் போற்றுவதற்குரிய காரணம் வெளிப்படையானது. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் பிறவும் ஒரே குடும்பத்து மொழிகள், அவை வடமொழியிலிருந்து கிளைத்தவை அல்ல என்று அந்நூல் விரிவான சான்றுகளோடு நிறுவியது. இக்கருத்தை 1816இலேயே சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எடுத்துரைத்திருந்தார் என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். ஆயினும் அதனை முழு இலக்கணமாக வளர்த்துக் காட்டியவர் கால்டுவெல். 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்ததும் இதன் பொருட்டே. அந்தச் சிலையில் நிற்பவர் மொழியறிஞர். நினைவு இல்லமாக்கப்பட்ட வீட்டிலும் மக்கள் தேடிச் செல்வது அந்த மொழியறிஞரையே.

என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பு, உடல்நலம் குன்றிக் கால்டுவெல் தாயகம் சென்றிருந்த காலத்தில் இலண்டனில் அச்சேறியது. அதற்கான தேட்டமும் குறிப்புகளும் இடையன்குடியில் சேர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வீடு நாற்பதாண்டுக் காலம் முதன்மையாக ஒரு மேய்ப்பரின் வீடாகவே இருந்தது. அறிஞரின் எழுத்தறையை மட்டும் ஒளியூட்டிக் காட்டினால், வீட்டின் மற்ற அறைகள் இருண்டுபோகும். அவ்வாறு இருண்டுபோகும் முதல் ஆள் அவருடைய மனைவி எலைசா. நாகர்கோவிலில் மறைப்பணி செய்த சார்லஸ் மால்ட்டின் மகளாகிய இவரைக் கால்டுவெல் 1844இல் மணந்தார். தென்கோடித் தமிழ்ச் சூழலில் வளர்ந்த எலைசாவுக்குத் தமிழ் இளமை முதலே நாவில் பழகிய மொழி. கணவரோ வயது வந்தபின் முயன்று கற்றவர். தமிழின் இயல்பை ஆராய்ந்த அறிஞருக்கு அந்தத் துணை எத்தகைய வாய்ப்பாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இடையன்குடியில் பெண்களுக்குக் கல்வி தந்தவரும், ரேந்தைப் பின்னல் கற்பித்து அவர்கள் கையில் நாலு காசு சேரச் செய்தவரும் அவரே. (ரேந்தை என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. நம் கடற்கரைப் பேச்சில் இன்னும் எத்தனையோ சொற்கள் அவ்வழியே வந்தவை.) பனையோலைக் குடிசைப் பெண்ணொருத்தி முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதியது ஒப்பிலக்கணத்திற்கு எவ்வகையில் குறைந்த நிகழ்ச்சி?

நினைவுச் சின்னம் என்ற பெயரால் ஒரு வீட்டை வெட்டிச் சிறிதாக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் முதற் குடியேறிகள் காட்டுமரங்களை வெட்டி அடுக்கிக் கட்டிய மரவீடுகளைத் தேசியச் செல்வமாகப் போற்றுகின்றனர். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது கெண்டகி மாநிலத்தில் இருக்கும் மரக்குடில். ஆபிரகாம் லிங்கன் பிறந்த குடில் என்று சொல்லி, அதனைச் சுற்றிக் கருங்கல்லாலும் பளிங்காலும் கிரேக்கக் கோவில் போன்ற மண்டபம் ஒன்றை எழுப்பி 1911இல் திறந்தார்கள். அவர் வாழ்ந்த ஆண்டுகளைக் குறிக்க ஐம்பத்தாறு படிகளும் அமைத்தார்கள். மண்டபத்திற்குள் குடிலை வைத்தபோது மக்கள் சுற்றிவந்து பார்க்க இடம் போதவில்லை. ஆகவே குடிலின் மரங்களை வெட்டிக் குறைத்துப் பொருத்தினார்கள். 2004இல் மரவளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் ஆய்வு நடந்தது. லிங்கன் பிறந்தது 1809இல். அம்மரங்களோ அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியவை என்று தெரிந்தது. அந்தக் குடில் லிங்கன் பிறந்த குடிலே அன்று! மண்டபத்தின் அளவுக்கு வீட்டை வெட்டிய கைகள், அந்த வீட்டின் உண்மையை முதலில் அளந்து பார்க்கவில்லை. இன்று அந்நாட்டார் அதை அடையாளக் குடில் என்றே அறிவித்து வைத்திருக்கிறார்கள். காலம் கடந்தாலும் உண்மையைச் சொல்லிவிட்டார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

கால்டுவெல்லைப் பொறுத்தவரை வெட்டப்படும் பகுதி எது? சொல்வதற்குக் கசப்பானது, சொல்லாமலிருப்பது அதனினும் கசப்பானது. இடையன்குடிக்கு வந்து எட்டு ஆண்டுகளே ஆன நிலையில், 1849இல், தாம் பணியாற்றிய நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலை அவர் வெளியிட்டார். அம்மக்களின் அறிவையும் பழக்கவழக்கங்களையும் சமயத்தையும் அந்நூல் இழித்துரைத்தது. அயல்நாட்டிலுள்ள வாசகர்களின் இரக்கத்தையும் உதவியையும் பெறுவதற்கு எழுதியது என்று சமாதானம் கூறுவோர் உண்டு. அந்தச் சமாதானம் என்னை நிறைவு செய்யவில்லை. எவர் பொருட்டு இரந்தோமோ அவரையே தாழ்த்தி இரப்பது எவ்வகை அறம்? அம்மக்கள் ஆங்கிலம் கற்று அதனை வாசித்தபோது அவர்கள் உள்ளம் கொதித்தது. கிறிஸ்தவர்களாகிய நாடார்களே மறுப்பு நூல்கள் எழுதினர். கண்டனம் பெருகப் பெருக, அச்சிறுநூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், நாசரேத்தை அடுத்த மூக்குப்பீறியில் 1857இல் ஐரோப்பியரின் ஆளுகை இல்லாத தனிச் சபையைத் தொடங்கினார். அங்கிருந்த ஐரோப்பியப் பணியாளருடன் நேர்ந்த பிணக்கோடு இச்சிறுநூல் விளைத்த புண்ணும் அதற்குக் காரணமாயிற்று.

நினைவு இல்லம் பெருமைக்குரிய இடம், அங்கே போய்ப் பழம்புண்ணைக் கிளறலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் நற்செய்தியாளர்கள் நால்வரும் பேதுரு ஆண்டவரை மறுதலித்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய காலத்தில் பேதுருவின் பெயர் திருச்சபையில் பெரும் மதிப்புக்குரியதாக இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட எத்தனையோ காரணம் கூறியிருக்கலாம். விட்டிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பவர் வேறொரு பேதுரு. இடையன்குடி வீட்டிலும் ஒப்பிலக்கணத்தின் பக்கத்தில் அந்த 1849ஆம் ஆண்டுச் சிறுநூலும், அதற்கு அம்மக்கள் எழுதிய மறுப்புகளும் ஒரே மேசைமீது கிடத்தப்பட வேண்டும் என்பதே என் கருத்து. அவரை எதிர்த்து எழுதியவர்கள் அவர் போன்றோர் திறந்த பள்ளிகளில் எழுத்தறிந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பார்க்க வருபவர் எந்தப் பக்கமும் எளிதில் சாய்ந்துவிட மாட்டார்.

கால்டுவெல்லின் நூலுக்கே இப்படியொரு வெட்டு நேர்ந்தது. 1875இல் அவர் தாமே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பில், பறையர் மக்கள் திராவிடரே என்பதை ஆராயும் பகுதியொன்றும் பிற இணைப்புகளும் இருந்தன. அவர் மறைந்தபின், மருமகன் வையாட்டும் இராமகிருஷ்ண பிள்ளையும் பதிப்பித்த 1913ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பகுதி இல்லை. பல பத்தாண்டுகள் தமிழறிஞர்கள் பயன்படுத்தியது இந்தக் குறைப்பதிப்பையே. ஒடுக்கப்பட்டோரைப் பற்றிய பக்கங்கள்தாம் கத்தரிக்கு எப்போதும் முதலில் அகப்படுகின்றன. ஒருபுறம் ஓர் இனத்தை இழித்து எழுதிய கை, மறுபுறம் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை உறவுக்குள் வைத்து எழுதியது. இரண்டும் தெரிந்தால்தான் மனிதர் தெரிவார்.

இனி, முன்பு குறிப்பிட்ட கேள்விக்கு வருகிறேன். இடையன்குடியில் குறை காண நமக்கு ஒரு வீடாவது இருக்கிறது. முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கராகிய நம் முன்னோடிகளின் வீடுகள் எங்கே?

கால்டுவெல்லுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் கடற்கரையில் இருந்து தமிழுக்கு இலக்கணம் எழுதியவர் ஒருவர் உண்டு. அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ். போர்த்துக்கல்லில் பிறந்து 1546இல் இந்தியா வந்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து 1600இல் புன்னைக்காயலில் மறைந்தவர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ ஆகியவை அவர் தந்தவை. இவற்றை நாம் மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். அவர் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணமோ கையெழுத்துப் படியாகவே லிஸ்பனில் கிடந்து இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது. புலவர் தமிழை விட்டுவிட்டு, தம்மைச் சூழ்ந்திருந்த கடற்கரை மக்கள் வாயில் வழங்கிய தமிழை அவர் அதில் பதிந்து வைத்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று அரிது. ஆனால் அந்தப் பேச்சை அவர் காதால் கேட்டு எழுதிய திண்ணை எது, முற்றம் எது என்று காட்டப் புன்னைக்காயலில் ஒரு சுவர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

புனித சவேரியார் தங்கியதாக நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் மணப்பாட்டுக் குகை இன்றும் இருக்கிறது. அது பாறை, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாராலும் முடியவில்லை! இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. இடிக்கக்கூடியதாக இருந்திருந்தால் எத்தனை வெள்ளிவிழாக்களையும் பொன்விழாக்களையும் தாண்டி அது நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதே மணப்பாட்டில், புயலில் முறிந்த பாய்மரத்திலிருந்து செய்து குன்றின்மேல் நட்டது என்று மரபு கூறும் சிலுவையிலிருந்தே அங்குள்ள திருச்சிலுவை ஆலயத்தின் வரலாறு தொடங்குகிறது. கடலோடியின் மரத்துண்டு ஒன்றைச் சுற்றி ஓர் ஊரின் நினைவே வளர்ந்திருக்கிறது. ஆகவே பொருளைக் காக்கும் உணர்வு நம் மக்களுக்குப் புதியதன்று. கால்டுவெல்லே 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சீமை வரலாற்றில், சவேரியாரின் கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு அவர் நடந்த ஊர்களை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்கிறார். அந்த ஆங்கிலிக்கன் பேராயர் நம் ஊர்களின் தடத்தை ஆராய்ந்த அக்கறையில் பாதியேனும் நமக்கு இருந்திருக்கலாம்.

காரணம் முழுவதும் நம் அசட்டை என்று நான் கூறவில்லை. ஓலையும் மூங்கிலும் பனங்கையும் கொண்டு கட்டியவை நெடுநாள் நிலைப்பதில்லை. 1544இல் வடுகர் படையெடுப்பால் நம் மக்கள் பட்ட பாட்டைச் சவேரியாரின் கடிதங்களே கூறுகின்றன. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றியபின் குருக்கள் விரட்டப்பட்டனர், கோவில்களும் கைமாறின. இவற்றையெல்லாம் கடந்து வந்த சமூகம் நம்முடையது. ஆனால் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் இழந்தவற்றுக்கு வடுகரையும் டச்சுக்காரரையும் குறை சொல்ல இயலாது.

நம் ஊர்களில் ‘சாமியார் பங்களா’ என்று மக்கள் அழைக்கும் பழைய பங்கு இல்லங்களை நினைத்துப் பாருங்கள். கடலடிப் பவளக்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ந்த சாந்து. கையகலத் தேக்கு விட்டங்கள், பனங்கைகள். காற்று கடலிலிருந்து நேரே வந்து பின்கட்டு வழியாகப் போகும் அமைப்பு. கோடையிலும் விசிறி தேடாத அறைகள் அவை. ஒழுகுகின்றன என்பதும், ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை என்பதும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அருகிவிட்டனர் என்பதும் உண்மை. அந்த வீட்டில் குடியிருப்பவனுக்கு அது நன்கு தெரியும். ஆனால் அதற்கு மாற்றாக நாம் எழுப்பும் சிமெண்டுக் கட்டடம் கடலோரத்தில் எத்தனை ஆண்டு தாங்குகிறது? உப்புக்காற்று உட்புகுந்து கம்பி துருவேறுகிறது; துருவேறிய கம்பி பருத்துச் சிமெண்டைப் பிளக்கிறது; முப்பது ஆண்டுக்குள் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழத் தொடங்குகிறது. நூற்றைம்பது ஆண்டு நின்ற சுவரை, முப்பது ஆண்டில் வெடிக்கும் சுவருக்காக இடிக்கிறோம். இதில் அழகுணர்ச்சி ஒருபுறமிருக்கட்டும், சிக்கனமாவது இருக்கிறதா? திறப்பு விழாவில் பதிக்கும் பளிங்குக் கல்லில் பெயர்கள் வரிசையாக இடம்பெறுகின்றன. இடிக்கப்பட்ட வீட்டைக் கட்டியவரின் பெயர் மட்டும் அங்கே இருப்பதில்லை.

கலிலேயாக் கடலோரத்துக் கப்பர்நாகூமில் வேறொரு வழியைக் காண்கிறோம். 1968இல் அங்கே அகழாய்வைத் தொடங்கிய பிரான்சிஸ்கன் துறவியர், ஐந்தாம் நூற்றாண்டின் எண்கோண ஆலயம் ஒன்றின் அடியில் முதல் நூற்றாண்டின் எளிய மீனவர் வீட்டைக் கண்டனர். பேதுருவின் வீடு என்று தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் போற்றிய இடம் அதுவே என்பது அவர்கள் முடிவு. கரிய முரட்டுக் கற்களை அடுக்கிய சுவர். நம் கடற்கரைக் குடியானவன் வீட்டைவிடப் பெரியதன்று. 1990இல் அதன்மேல் புதிய ஆலயம் எழுந்தபோது, பழைய சுவரைத் தொடாமல் தூண்களின்மேல் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தி, நடுத்தளத்தில் கண்ணாடி பதித்தார்கள். திருப்பலிக்கு வருவோர் குனிந்து பார்த்தால் அந்த மீனவர் வீடு அதன் உண்மையான அளவிலேயே தெரிகிறது. புதிய கட்டடத்தின் தோற்றம் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். படத்தில் பார்க்கையில் எனக்கு அது ஏதோ விண்கலம் இறங்கி நிற்பதுபோலத் தோன்றுகிறது. எனினும் கெண்டகியில் மண்டபத்துக்காக வீட்டை வெட்டினார்கள், கப்பர்நாகூமில் வீட்டுக்காக மண்டபத்தை உயர்த்தினார்கள். இடையன்குடியில் நான் வேண்டுவதும் இந்த இரண்டாவது முறையையே.

நம்மால் கண்ணாடித் தளம் அமைக்க முடியாது; அதற்குரிய பணமும் நம்மிடம் இல்லை. ஆனால் திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண், பங்குகளில் பதிவேடுகளையும் காப்பகத்தையும் பேண வேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கவனமாகக் காக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டைக் கறையான் தின்னவிட்டால் குற்றம் என்று அறிந்திருக்கும் நாம், அந்தப் பதிவேடு எழுதப்பட்ட அறையை ஏன் அவ்வாறு கருதுவதில்லை? ஏதேனும் ஒரு பங்கில் பழைய இல்லத்தை இடிக்கப் பேரவை முடிவு செய்யுமானால், கடப்பாரை விழுமுன் ஒரு வாரம் தாருங்கள். உள்ளூர்ப் பொறியியல் மாணவர் இருவரை அழைத்து ஒவ்வொரு அறையையும் அளந்து வரையச் செய்யுங்கள். கதவு, சன்னல், விட்டம் அனைத்தையும் படம் எடுங்கள். அந்த வீட்டில் சமையல் செய்தவர், மணியடித்தவர், அங்கே மறைக்கல்வி படித்தவர் எனப் பெரியவர்கள் எவரேனும் இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். அந்த வீட்டில் நடந்த சண்டைகளையும் அவர்கள் சொல்வார்கள். அவற்றையும் விடாமல் எழுதுங்கள். ஒரு படியை மறைமாவட்டக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். அளந்து முடித்தபின் இடிக்கும் முடிவையே பேரவை மாற்றிக்கொண்டால், கொத்தனாருக்கு மட்டும் சிறிது ஏமாற்றமாக இருக்கும்.